ஒரு காபிக்கு எவ்வளவு நேரம் உட்காரலாம்?

கேள்வி: மேடம், நான் பள்ளத்தூரில் இருக்கிறேன். வயது 27. சென்னையில் உள்ள ஒரு கம்பெனிக்கு வீட்டிலிருந்தே மெடிக்கல் கோடிங் வேலை பார்க்கிறேன். கூடவே சிபிசி என்ற மெடிக்கல் கோடிங் சான்றிதழ் தேர்வுக்கும் படிக்கிறேன். எங்கள் வீடு பழைய காலத்துப் பெரிய வீடு. வைஃபை முகப்போடு நின்றுவிடும். உள்ளே போனால் செல்போனில் டவரும் கிடைக்காது. முகப்பில் உட்கார்ந்தால் வருகிறவர் போகிறவர் எல்லாம் பேச்சுக் கொடுக்கிறார்கள். அதனால் பஸ் ஏறிக் காரைக்குடிக்குப் போய், ஒரு பெரிய கடையின் மாடியில் இருக்கும் காபி ஷாப்பில் உட்கார்ந்து வேலையும் பார்க்கிறேன், படிக்கவும் செய்கிறேன். ஒரு காபி வாங்கிக்கொண்டு நான்கு மணி நேரம் வரை இருப்பேன். போன வாரம் அங்கே வேலை பார்க்கும் பையன் இரண்டு முறை வந்து, "வேற ஏதாச்சும் வேணுமாக்கா?" என்று கேட்டான். கொஞ்ச நேரத்தில் என் மேசைப் பக்கத்து ஏசியை அணைத்துவிட்டார்கள். அவமானமாக இருந்தது. அம்மாவோ, "இவ்வளவு பெரிய வீட்டை வச்சுக்கிட்டு நீ கடையில போய் உட்கார்ந்தா ஊரு என்ன சொல்லும்?" என்கிறார். நான் செய்வது தவறா? வேறு எங்கேதான் போவது?
— பெயர் வேண்டாம், பள்ளத்தூர்

பதில் (பணியிட உளவியல் ஆலோசகர்):

உங்கள் கடிதத்தில் அவமானம் முன்னால் நிற்கிறது. என் கண்ணில் முதலில் பட்டது 'மெடிக்கல் கோடிங்' என்பதுதான். அதைப் பேசிவிட்டு மற்றதற்கு வருகிறேன். உங்கள் வேலையே அதில்தான் இருக்கிறது.

நீங்கள் லேப்டாப்பில் திறந்து வைத்திருப்பது யாரோ ஒருவருடைய நோய்க் குறிப்பு. அதில் உள்ள நோய்க்கும் சிகிச்சைக்கும் உரிய குறியீட்டைப் போடுவதுதான் உங்கள் வேலை. வயது, என்ன நோய், எந்த உறுப்பில் அறுவை சிகிச்சை, என்ன மருந்து என்று ஒரு மனிதர் வீட்டாரிடம்கூடச் சொல்லத் தயங்குவதெல்லாம் அதில் இருக்கும். இங்கே நடக்கும் கோடிங் வேலையில் பெரும்பகுதி அமெரிக்க மருத்துவமனைகளுடையது. நோயாளிகளின் தகவலைக் காக்க அங்கே 1996-ல் வந்த ஹிப்பா சட்டம் மருத்துவமனைகளோடு நிற்பதில்லை. அவர்களுக்காக வேலை எடுத்துச் செய்யும் கம்பெனிகளையும் ஒப்பந்தம் வழியாகக் கட்டுப்படுத்துகிறது. நீங்கள் வேலையில் சேர்ந்தபோது உங்கள் கம்பெனி உங்களிடமும் கையெழுத்து வாங்கியிருக்கும். அந்தத் தாள்களைத் தேடி எடுத்து நிதானமாகப் படியுங்கள். தனி அறை, மூடிய கதவு, வேறு யாரும் திரையைப் பார்க்காத இடம் என்ற மாதிரி நிபந்தனைகள் இத்தகைய வேலைகளில் சகஜம். காபி ஷாப்பில் உங்கள் முதுகுக்குப் பின்னால் ஒரு குடும்பம் உட்கார்ந்திருக்கும், தலைக்கு மேலே கடைக்காரரின் சிசிடிவி கேமரா ஓடிக்கொண்டிருக்கும். பக்கவாட்டில் பார்ப்பவருக்குத் திரை தெரியாமல் செய்யும் தாள் ஒன்று விற்கிறார்கள். நேர் பின்னால் இருப்பவரை அது தடுக்காது.

ஆகவே ஆபீஸ் வேலையை இனி அங்கே திறக்காதீர்கள். நாளையிலிருந்தே நிறுத்திவிடுங்கள். எந்தெந்த இடத்தில் உட்கார்ந்து வேலை பார்க்க அனுமதி உண்டு என்று உங்கள் டீம் லீடருக்கு ஒரு மெயில் போட்டு, எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். இதுவரை எங்கே பார்த்தீர்கள் என்று அவர்கள் கேட்டால் மறைக்காதீர்கள். டிசைன், மொழிபெயர்ப்பு, புரோகிராமிங் போன்ற வேலைகளில் பலருக்கு இவ்வளவு கெடுபிடி இருக்காது. உங்களுக்கு இருக்கிறது. அதனால் உங்களுக்குத் தேவைப்படுவது இரண்டு தனித்தனி இடங்கள். ஆபீஸ் வேலைக்கு வீட்டுக்குள்ளேயே கதவு மூடிய ஒரு அறை வேண்டும். படிப்புக்கு வெளியில் ஒரு இடம் போதும். இரண்டையும் ஒரே மேசையில் முடிக்கப் பார்த்ததால்தான் நான்கு மணி நேரம் ஆகிறது.

முதலில் வீட்டைச் சரிசெய்வோம். அந்தப் பக்கத்துப் பழைய வீடுகள் எனக்குப் பழக்கம்தான். முன் தெருவில் தலைவாசல், முகப்பு, வளவு என்ற திறந்த முற்றம், இரண்டாம் கட்டு, அடுப்படி என்று நீண்டு, பின்கதவைத் திறந்தால் அடுத்த தெரு வரும். செங்கல்லும் சுண்ணாம்புமாக எழுப்பிய கனமான சுவர்கள். வெயிலை உள்ளே விடாத அந்தச் சுவர்தான் சிக்னலையும் தடுக்கிறது. இண்டர்நெட் இணைப்பு கொடுக்க வந்தவர், வயர் நுழைந்த இடத்திலேயே, அதாவது முகப்பிலேயே ரவுட்டரை மாட்டிவிட்டுப் போயிருப்பார். மூன்று நான்கு சுவர் தாண்டி அது எப்படி வரும்?

இதற்குப் பெரிய செலவு இல்லை. ரவுட்டரிலிருந்து ஒரு லேன் கேபிளை உள் அறை வரை இழுத்து, அங்கே இன்னொரு சின்ன ரவுட்டரை வைக்கச் சொல்லுங்கள். சாதாரண லேன் கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும். உங்கள் வீடு எவ்வளவு நீளமாக இருந்தாலும் பெரும்பாலும் அதற்குள் அடங்கிவிடும். சுண்ணாம்புப் பூச்சில் துளை போட விடாதீர்கள். அந்தப் பூச்சு உதிர ஆரம்பித்தால் அதே பக்குவத்தில் பூசித் தர ஆள் பிடிப்பது கஷ்டம். வளவுத் தூண்களுக்கு மேலே ஓடும் உத்தரத்தை ஒட்டி, தாழ்வாரத்தின் உள்பக்கமாக, சாரல் படாமல் கேபிளைக் கொண்டுபோகலாம். லேப்டாப்பை அந்தக் கேபிளிலேயே நேராகச் செருகினால் இன்னும் நல்லது. வைஃபையில்தான் வேலை என்றால் 2.4 கிகாஹெர்ட்ஸைத் தேர்ந்தெடுங்கள். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் சுவரைத் தாண்டுவதில் பலவீனமானது. செல்போன் அமைப்புகளுக்குள் 'வைஃபை காலிங்' என்று ஒன்று இருக்கும். அதை ஆன் செய்தால் டவர் கிடைக்காத அறையிலும் வைஃபை வழியாகவே சாதாரண அழைப்புகள் வரும். போன் வரும்போதெல்லாம் முகப்புக்கு ஓட வேண்டியதில்லை. கரண்ட் போனால் ரவுட்டரை மட்டும் சில மணி நேரம் ஓட்டும் சின்ன யூபிஎஸ் கிடைக்கிறது. அதையும் ஒன்று வாங்கிவிடுங்கள்.

எந்த அறை? வளவைச் சுற்றி அறைகள் வரிசையாக இருக்கும், ஆனால் பாதிக்குப் பூட்டு தொங்கும். ஒவ்வொரு பங்காளியும் தன் பங்கு அறையில் பாத்திரம் பண்டம் போட்டுப் பூட்டிவிட்டுச் சென்னையிலோ வெளிநாட்டிலோ இருப்பார்கள். அதில் ஒன்றைக் கேளுங்கள். நீங்கள் கேட்பதைவிட அப்பாவோ பெரியப்பாவோ போனில் கேட்டால் காரியம் சுலபமாக நடக்கும். "பிள்ளை வேலை பார்க்க ஒரு அறை வேணும். சாமானை ஓரமா அடுக்கி மூடி வச்சிடுறோம். நீங்க விசேஷத்துக்கு வரும்போது காலி பண்ணித் தர்றோம்" என்று சொன்னால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். பூட்டியே கிடக்கும் அறையில் கரையான் ஏறுவது அவர்களுக்கும் தெரியும். ஜன்னல் வளவுப் பக்கம் திறக்கும் அறையாக இருந்தால் காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் நல்லது.

இனி காபி ஷாப். நான்கு மணி நேரத்துக்கு ஒரு காபி என்பது குறைவுதான். அதைச் சொல்லியாக வேண்டும். சார்ஜ் போட்டதை நினைத்துக் கூச வேண்டாம். ஒரு சாதாரண லேப்டாப் நான்கு மணி நேரத்தில் கால் யூனிட் எடுத்தாலே அதிகம். அங்கே விஷயம் மேசைதான். எட்டு மேசை உள்ள கடை என்று வையுங்கள். மணிக்கு ஒரு குடும்பம் வந்து போகிற மேசையில் நீங்கள் நான்கு மணி நேரம் இருந்தால், அவர்கள் கணக்கில் நான்கு குடும்பத்தின் வியாபாரம் போகிறது. ஏசி செலவும் அவர்களுடையதே. நம் வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். கடைக்கு அது கிடையாது, கட்டணமும் கூடுதல். அதே நேரம், ஏசியை அணைத்து ஆளை எழுப்பப் பார்த்தது சரியில்லை. "அக்கா, கூட்டம் வருது, மேசை வேணும்" என்று நேராகச் சொல்லியிருக்கலாம். அந்தப் பையனிடம் கோபப்படாதீர்கள். அவனைக் கேட்க அனுப்பியது வேறு யாராவதாக இருக்கும்.

ஒளிந்து உட்காருவது போல உட்காருவதுதான் உங்களைக் கூச வைக்கிறது. ஒருநாள் காலை பதினோரு மணி வாக்கில், கூட்டம் இல்லாதபோது, கல்லாவில் இருப்பவரிடம் நேராகப் பேசுங்கள். "வாரத்துல மூணு நாள் வருவேன். பத்தரையிலிருந்து பன்னிரண்டரை வரைக்கும் படிப்பேன். எந்த மேசை உங்களுக்கு இடைஞ்சல் இல்லை? சும்மா உட்கார மாட்டேன், வந்ததும் ஒண்ணு, நடுவுல ஒண்ணு வாங்கிக்கிறேன்" என்று சொல்லுங்கள். நம் ஊரில் பேசி வைத்துக்கொண்ட ஏற்பாட்டுக்கு மதிப்பு உண்டு. அடுத்த நாள் அதே பையன் உங்களுக்கு மூலை மேசையைத் துடைத்து வைப்பான். சம்மதிக்காவிட்டாலும் நல்லதுதான், வேறு இடம் பார்க்கலாம். செலவு கூடுமே என்று யோசிப்பீர்கள். 2021 முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அந்தப் பஸ்ஸில் போய் மிச்சமாகும் பணத்தை இரண்டாவது காபிக்கு வையுங்கள்.

நேரத்தையும் பார்த்துப் போங்கள். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல், ஞாயிற்றுக்கிழமை, ஆடித் தள்ளுபடி, முகூர்த்தத்துக்கு முந்தைய நாட்கள் எல்லாம் கடை மாடியில் இருக்கும் காபி ஷாப்புக்கு அறுவடைக் காலம். கீழே கல்யாண ஜவுளி எடுப்பார்கள். கால் கடுத்துப் போன பெரியவர்கள் மேலே வந்து உட்கார இடம் தேடுவார்கள். அந்த நேரத்தில் நீங்கள் இருந்தால் உங்களுக்கும் படிப்பு ஓடாது.

படிப்பு ஓடாததற்குக் காரணம் சத்தம் மட்டுமில்லை. காதில் விழும் பேச்சு நமக்குப் புரிவதுதான் பெரிய தொந்தரவு. இது ஆய்வுகளில் நன்றாக நிலைபெற்ற விஷயம். மிக்சி சத்தத்தை மூளை ஒதுக்கிவிடும். "அந்தச் சம்பந்தம் ஏன் நின்னு போச்சு தெரியுமா?" என்று பக்கத்து மேசையில் ஆரம்பித்தால் ஒதுக்க முடியாது. அதிலும் யாராவது போனில் பேசினால் இன்னும் மோசம். ஒரு பக்கப் பேச்சு மட்டும் கேட்கும்போது, மறுமுனையில் என்ன சொல்லியிருப்பார்கள் என்று மூளை தானாகவே ஊகிக்கப் பார்க்கிறது. இப்படி அரைப் பேச்சைக் கேட்பவர்களின் கவனம், முழு உரையாடலைக் கேட்பவர்களைவிட அதிகம் சிதறுவதாகக் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010-ல் காட்டினார்கள். 2012-ல் வந்த இன்னொரு ஆய்வில், சுமார் 70 டெசிபல் அளவுக்கு, அதாவது ஓரளவு கலகலப்பான கடையின் இரைச்சலில், புதிதாக யோசிக்க வேண்டிய வேலைகளை மக்கள் இன்னும் நன்றாகச் செய்தார்கள். 85 டெசிபலுக்குப் போனபோது அது கெட்டுவிட்டது. ஆனால் உங்கள் பாடம் புதிதாக யோசிக்கிற வகை இல்லை. ஒரு எழுத்து மாறினால் வேறு நோயாகிவிடும் பாடம். ஆகவே அந்த இரைச்சல் உங்களுக்கு உதவும் என்று நான் சொல்ல மாட்டேன். ஹெட்போனில் பாட்டுக் கேட்பதாக இருந்தால் வார்த்தை இல்லாத வாத்திய இசையாகக் கேளுங்கள்.

எதை எங்கே படிப்பது என்று பிரித்துக்கொள்ளுங்கள். சிபிசி தேர்வில் 100 கேள்விகள், 4 மணி நேரம், 70 சதவீதம் எடுத்தால் தேர்ச்சி. புத்தகம் பார்த்து எழுதலாம் என்பதால் சுலபம் என்று சிலர் நினைக்கிறார்கள். சிபிடி, ஐசிடி-10-சிஎம், எச்சிபிசிஎஸ் என்று மூன்று கனமான குறியீட்டுப் புத்தகங்களை விரித்து வைத்து, ஒரு கேள்விக்கு இரண்டரை நிமிடம்கூட இல்லாமல் புரட்ட வேண்டும். காபி ஷாப்பின் வட்ட மேசையில் லேப்டாப்பும் டம்ளரும் வைத்தபின் ஒரு புத்தகம் விரிக்கவே இடம் போதாது. ஐசிடி புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு பழகினால், தேர்வில் கை தடுமாறும். ஆகவே கடிகாரம் வைத்துச் செய்யும் பயிற்சிக்கு அகலமான மேசை வேண்டும். காபி ஷாப்பில் உடற்கூறியல் சொற்களைத் திருப்பிப் பார்ப்பது, முந்தின நாள் தவறிய கேள்விகளுக்கு ஏன் தவறினோம் என்று எழுதுவது, வகுப்பு வீடியோ கேட்பது ஆகியவற்றை வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மணி நேரத்துக்குள் அடங்குவதாக இருக்கட்டும். தாழ்ந்த மேசையில் குனிந்து அதற்கு மேல் உட்கார்ந்தால் கழுத்தும் தாங்காது. படிப்புக்குக் கடை வைஃபை பரவாயில்லை. பேங்க் வேலை போன்றவற்றுக்கு உங்கள் போனின் ஹாட்ஸ்பாட்டை மட்டும் பயன்படுத்துங்கள்.

அகலமான மேசை எங்கே இருக்கிறது என்றால், நூலகத்தில். உங்கள் கடிதத்தில் நூலகம் என்ற பேச்சே இல்லை என்பது எனக்கு வருத்தம்தான். உங்கள் வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். வரியோடு நூலக வரி என்று ஒரு தொகை சேர்ந்திருக்கும், ரூபாய்க்கு 10 பைசா வீதம். 1948-ல் வந்த பொது நூலகச் சட்டத்தின் கீழ் வசூலிப்பது அது. சுதந்திர இந்தியாவில் முதன்முதலாக வந்த நூலகச் சட்டம் நம்முடையது. அவ்வளவு பெரிய வீட்டுக்கு இத்தனை வருடமாகக் கட்டிய வரியில் உங்கள் நாற்காலிக்கான காசும் இருக்கிறது. காபி ஷாப்பில் நீங்கள் கூசுகிறீர்கள். நூலகத்தில் கூச வேண்டிய அவசியமே இல்லை.

பக்கத்து ஊர்க் கிளை நூலகத்தில் தொடங்குங்கள். நேரமும் வார விடுமுறையும் கேட்டுக்கொண்டு போங்கள். சொந்தப் புத்தகம் கொண்டுவந்து படிக்கலாமா, லேப்டாப்புக்குப் பிளக் உண்டா என்று நூலகரிடம் கேளுங்கள். காரைக்குடியில் அழகப்பா பல்கலைக்கழக வளாகத்தில் 2025 ஜனவரியில் லட்சுமி வளர்தமிழ் நூலகம் திறந்தார்கள். அங்கே வெளியார் உட்கார்ந்து படிக்க என்ன விதி என்று நேரில் விசாரியுங்கள். ரோஜா முத்தையா என்ற தனி மனிதர் ஒரு லட்சம் நூல்களையும் இதழ்களையும் தேடிச் சேர்த்து வைத்த கோட்டையூர், உங்கள் பஸ் பாதைப் பக்கம்தான் இருக்கிறது. அப்படிப்பட்ட வட்டாரத்தில் ஒரு பெண் உட்கார்ந்து படிக்க மேசை தேடி அலையக் கூடாது என்பது என் ஆதங்கம்.

இதைக் கேட்டு வாங்கவும் வேண்டும். சென்னை கொளத்தூரில் 2024-ல் அரசே 'முதல்வர் படைப்பகம்' என்று ஒன்றைத் திறந்தது. மாணவர்கள் படிக்கவும், வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்கள் வந்து உட்காரவும் குறைந்த கட்டணத்தில் இடம் தருகிறது. காரைக்குடியும் 2024-ல் மாநகராட்சி ஆகிவிட்டது. இங்கேயும் அப்படி ஒன்று வேண்டும் என்று உங்களைப் போன்ற பத்துப் பேர் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். நூலக வாசகர் வட்டத்தில் சேர்ந்தால் அந்தப் பத்துப் பேர் அங்கேயே கிடைப்பார்கள்.

அம்மா சொல்வதற்கு வருகிறேன். செட்டிநாட்டு ஆட்கள் பர்மாவிலும் மலேயாவிலும் சிங்கப்பூரிலும் தொழில் செய்தபோது, பலருக்குத் தனி ஆபீஸ் கிடையாது. கிட்டங்கி என்ற ஒரே நீளக் கூடத்தில் பல கடைகள் இருக்கும். ஆளுக்கு ஒரு பெட்டி, ஒரு சாய்வு மேசை, ஒரு அலமாரி. மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் எல்லோரும் அங்கேயே கணக்கு எழுதி, அங்கேயே சாப்பிட்டு, அங்கேயே படுத்தார்கள். அந்தப் பக்கத்து வீடுகளில் பல அப்படிச் சம்பாதித்த பணத்தில் எழுந்தவை. பொது இடத்தில் பலரோடு உட்கார்ந்து வேலை பார்ப்பது உங்கள் ஊருக்குப் புதிதில்லை. அங்கே உட்கார்ந்தவர்கள் எல்லோரும் ஆண்கள். அம்மாவின் கவலை அந்த இடத்தில்தான் இருக்கிறது. அதை வாதாடி வெல்லப் பார்க்காதீர்கள். ஒருநாள் அம்மாவையே கூட்டிக்கொண்டு போங்கள். நீங்கள் உட்காரும் மேசையைக் காட்டுங்கள், கல்லாவில் இருப்பவரிடம் "எங்க அம்மா" என்று அறிமுகம் செய்யுங்கள், ஒரு காபி வாங்கிக் கொடுங்கள், நூலகத்தையும் காட்டிவிட்டு வாருங்கள். யார் கேட்டாலும், "அங்கதான் படிக்கிறா, நான் பார்த்துட்டு வந்தேன்" என்று அம்மாவே சொல்லிக்கொள்வார். எந்த நாள் எங்கே போகிறீர்கள், எந்த பஸ்ஸில் திரும்புவீர்கள் என்று வீட்டில் ஒரு நாட்காட்டியில் எழுதி வைத்தால் போதும்.

தேர்வைப் பற்றி ஒன்று. ஆன்லைனில் எழுதுவதாக இருந்தால், கேமரா வழியாக ஒருவர் உங்களைக் கண்காணிப்பார். அறையில் வேறு யாரும் இருக்கக் கூடாது. காபி ஷாப்பும் நூலகமும் அதற்கு ஆகாது. ஆபீஸ் வேலைக்காகத் தயார் செய்யும் அந்த உள் அறையே தேர்வறையும் ஆகிவிடும். தேதி குறிக்கும் முன், மாதாந்திரப் பராமரிப்புக்காகக் கரண்ட் நிறுத்துவது என்றைக்கு என்று மின்வாரிய அறிவிப்பைப் பாருங்கள், பஞ்சாங்கத்தையும் ஒரு முறை புரட்டிவிடுங்கள். முகூர்த்த நாளாக இருந்தால் விடியற்காலையிலேயே தெருவில் மைக் செட் கட்டிவிடுவார்கள்.